கொசுறாகப் போன கற்றாழை

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் செடிக்காரன் விரித்திருந்த சாக்கின்மேல், ஒரு பெயின்ட் டப்பாவுக்குள் கற்றாழையும் அதன் குட்டியும் இருந்தன. பக்கத்துப் பழைய சாமான் கடையில் மூடியில்லாத குக்கர் ஒன்று கிடந்தது.

"குட்டியை மறைச்சு வைடி," என்றது குக்கர். "பேரம் படியலைன்னா உன் செடிக்காரன் கையில கிடைச்சதைக் கொசுறா குடுத்துடுவான். போன வாரம் அந்தத் துளசியோட பிள்ளைங்க அப்படித்தான் போச்சு."

கற்றாழை பயந்துபோய் மடல்களையெல்லாம் தாழ்த்திக் குட்டியை மூடிக்கொண்டது.

"அம்மா, மூச்சு முட்டுது."

"பொறுத்துக்கோ."

ஒரு அம்மாள் ரோஜாச் செடிக்கு வெகுநேரம் பேரம் பேசினாள். செடிக்காரன் இறங்கி வரவில்லை.

"கொசுறாவது போடுப்பா."

"இதுல ஒரு குட்டி இருந்துச்சே," என்று அவன் டப்பாவுக்குள் கையை விட்டான். கற்றாழை தன் முள் அத்தனையும் சேர்த்துக் குத்தியது.

"ஐயோ, சனியனே!" அவன் கையை உதறினான். "குட்டி எதுக்கு, தாயையே கொண்டு போங்கம்மா!"

ஒரே இழுப்பில் பிடுங்கி அவள் பையில் போட்டான்.

"குக்கர் அக்கா, என் குட்டி…" என்ற குரல் பையோடு கூட்டத்துக்குள் போய்விட்டது.

வேர் அறுந்து டப்பாவிலேயே தங்கிவிட்ட குட்டியின்மேல் முதன்முறையாக வெயில் நேராக விழுந்தது.

"அம்மா, வெளிச்சமா இருக்கே! நம்மளைத் தேடுனவங்க போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க கண்ணு," என்று அம்மாவுக்குப் பதிலாகக் குக்கர் சொன்னது.