மூன்றாவது சீட்டு

சாக்கோங் என்பது இந்தோனேசிய ஆட்டம். மூன்று சீட்டும் படமாக வந்தால் வெற்றி. அதை அலைபேசியில் ஆடும் தேவசகாயத்துக்கு, சீட்டைச் சட்டென்று திருப்பினால் அதிர்ஷ்டம் கோபித்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. மகளின் முதல் நடனத்தன்றும் பள்ளி அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இரண்டு படங்கள் வந்துவிட்ட பரவசத்தில், மூன்றாவதன் ஓரத்தைக் கட்டைவிரலால் மயிரிழை மயிரிழையாக உரித்துக்கொண்டிருந்தார். ராஜா! நிமிர்ந்தால் மேடை காலி. எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார், பெற்ற கடனுக்குக் கொஞ்சம் பலமாகவே.

வாசலுக்கு வந்த பெனிட்டா, "எப்படிப்பா ஆடினேன்?" என்றாள்.

"பின்னிட்ட கண்ணு! ஒரு தப்புகூட இல்ல."

"பாதியிலேயே மறந்து நின்னுட்டேன்ப்பா. உங்களையேதான் பாத்துக்கிட்டு நின்னேன்."

அவர் அலைபேசியைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். அவள் அந்தப் பையைத் தொட்டுக் கேட்டாள்:

"நீங்களாவது ஜெயிச்சீங்களா?"