மாமனாருக்கு ஒரு சல்யூட்

"எங்கட வீட்டிலை எட்டு வருசம் இயக்கத்திலை சண்டை பிடிச்ச ஆள் இருக்கு. மரியாதையாக் கதையும்," என்று தர்மிளா எச்சரித்துத்தான் அனுப்பினாள்.

கைபேசிக் கடையில் ஆளைப் பார்த்தே விலை சொல்லும் புதுச்சேரிக்காரன் லூடோவிக், பெண் கேட்க அவள் வீட்டுக்குப் போனான். அவளுடைய அப்பா பாலச்சந்திரன் நொண்டியபடி வந்ததும் விறைத்து எழுந்து சல்யூட் அடித்தான். அம்மா நீட்டிய தேநீரை முகம் பார்க்காமலே வாங்கிக்கொண்டான்.

"கால்ல குண்டுக் காயமா, முசியே?" என்று பிரெஞ்சு மரியாதையோடு கேட்டான்.

"சும்மா இரும் தம்பி. லா ஷாப்பல் மெட்ரோப் படியிலை சறுக்கினது. சண்டை நேரம் நான் கொழும்பிலை புடவை வித்தனான்."

"அப்போ சண்டை போட்டது யாரு?"

அம்மா எதிரே வந்து அமர்ந்தாள்.

"என்ர அண்ணையும் நானும் போனனாங்கள், நான் மட்டும் திரும்பி வந்தனான். சரி, பொம்பிளை கேட்டுத்தானே வந்தனீர்? இனி என்னைப் பாத்துக் கேளும்."