மூன்றாவது சுழி

எப்பேர்ப்பட்ட தலையானாலும் சலூன்காரியின் முன்னால் குனிந்துதான் ஆகவேண்டும். அன்று காலை குனிந்திருந்தது அவள் கணவனின் தலை. படகோட்டி, பிறவியிலேயே ரெட்டைச் சுழிக்காரன். சீப்பை வைத்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. உச்சியில் மூன்றாவதாக ஒரு சுழி இருந்தது.

இதே நாற்காலியில் இதற்குமுன் இரண்டு படகோட்டிகளுக்கு இப்படிப் புதுச்சுழி பார்த்திருக்கிறாள். இருவரையும் மறுநாளே ஆற்றுச் சுழி இழுத்துக்கொண்டது.

“என்னடி, வழுக்கை விழுந்துடுச்சா?”

“விழப்போகுது. ஆடாம உக்காருங்க.”

சவரக்கத்தியை எடுத்தாள்.

“ஐயோ, ஓரம் வெட்டச் சொன்னா மொட்டையே போடுறியே! படகுல ஏறுறவங்க சிரிப்பாங்கடி!”

“சிரிக்கட்டும். அதைக் கேக்க நீங்க இருக்கணும்ல?”

தலை முட்டைபோல வழவழப்பானது. ஒரு சுழியும் மிச்சமில்லை. அவன் கண்ணாடியைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தான்.

மின்விசிறி ஓடவில்லை. கதவும் சாத்தியிருந்தது. தரையில் கிடந்த முடி மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. வட்டமாகி, நடுவில் குழிந்து, அவன் நாற்காலியை நோக்கி நகர்ந்தது.

அவள் குறுக்கே போய் அதன் நடுவில் காலை வைத்தாள். காய்ந்த தரைதான், ஆனால் கணுக்கால்வரை சில்லென்று நனைந்தது. கீழிருந்து ஏதோ இழுத்தது.

“ஆத்துல நீ பெரிய ஆளா இருக்கலாம். இது என் கடை,” என்றவள் மறுகாலையும் தூக்கி உள்ளே வைத்தாள்.