துரை கவ்விய சும்மாடு

"நாயை அந்தப் பக்கம் பிடிங்கண்ணே! இது ஆஸ்பத்திரியா, தெருவா?"

மூட்டைக்காரரின் மனைவி போட்ட சத்தத்தில் நாய்க்காரர் கயிற்றை இழுத்துப் பிடித்தார். நோயாளிகளுக்குத் தெம்பு கொடுப்பதற்காகவே ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் நாய் அது. பேர் துரை. ஒவ்வொருவரிடமும் போய்த் தலையை நீட்டும், தடவிக்கொள்ளலாம். அதுதான் அதன் உத்தியோகம்.

துரையோ திட்டுகிறவளையே பார்த்து வாலை ஆட்டியது. மானங்கெட்டது! கொஞ்ச நாளாகவே அதன் போக்கு சரியில்லை. ராத்திரி வைக்கிற சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துவிடுகிறது. போன வாரம் யாருடைய பன்னையோ மோப்பம் பிடித்ததற்கே, "இன்னொரு புகார் வந்தா துரைக்கு இங்க வேலை கிடையாது" என்று பெரிய நர்ஸ் சொல்லிவிட்டார்.

அறையின் நடுவே, பிடித்து நடந்து பழக இரண்டு நீளக் கம்பிகள். ஒரு முனையில் சக்கர நாற்காலியில் மூட்டைக்காரர். சரக்குக் கிடங்கில் பின்னால் வந்த லாரி நசுக்கி, வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. புதுக்கால் மாட்டியாகிவிட்டது. ஆள்தான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். மடியில் சும்மாடு. மூட்டைக்கு அடியில் தலையில் வைத்துச் சுமந்த துணிச்சுருள், வியர்வையில் ஊறிக் கறுத்துப்போனது. துவைத்துத் தரட்டுமா என்று கேட்ட நர்ஸ் வாங்கிய வசவு அடுத்த வார்டு வரை கேட்டது.

"இன்னிக்காவது நில்லுங்க ஐயா," என்று கெஞ்சினாள் பிசியோ டாக்டர். "இல்லைன்னா நாற்காலியோடதான் வீட்டுக்கு அனுப்புவாங்க. இந்த எடத்துக்கு வேற ஆள் காத்திருக்காரு."

"அனுப்புங்க. பொய்க்கால வச்சிக்கிட்டு எவன் மூட்டை தூக்குனான்?"

"மூட்டையை யாரு தூக்கச் சொன்னா? கக்கூசுக்கு நடந்து போனாப் போதும்," என்றாள் மனைவி. "ஊர் பாரத்தையெல்லாம் தூக்குன மனுசன். இப்ப உங்களை நான் தூக்குறேன்."

"அடியே, வாயை மூடு."

அவள் "ச்சு" என்று சலித்துக்கொண்டாள்.

துரை கயிற்றை உருவிக்கொண்டு பாய்ந்தது. மடியிலிருந்த சும்மாட்டைக் கவ்வியது. கம்பிகளுக்கு நடுவே ஓடி, மறுமுனையில் போய் உட்கார்ந்துகொண்டது.

நாய்க்காரருக்கு உயிரே போய்விட்டது. கையில் கொடுத்தாலும் நோயாளியின் பொருளை வாங்காத நாய்!

"டேய், கீழ வைடா! கிழிச்சிடப் போவுது, யாராவது பிடுங்குங்களேன்!" என்று கத்தினார் மூட்டைக்காரர்.

ஓடப்போன நாய்க்காரரின் சட்டையை மூட்டைக்காரரின் மனைவி எட்டிப் பிடித்தாள். "இதுதான் நீங்க நாயைப் பழக்கின லட்சணமா? சொல்றேன் பெரிய நர்ஸ்கிட்ட!"

"சண்டையை அப்புறம் போடுங்க!" மூட்டைக்காரர் கம்பிகளைப் பற்றினார். எழுந்தே விட்டார். புதுக்கால் டக்கென்று தரையில் ஊன்றியது. பிசியோ டாக்டர் மூச்சுவிடாமல் பின்னாலேயே போனாள், தொடாமல், கைகளை மட்டும் விரித்துக்கொண்டு.

"உன் தோலை உரிக்கலைன்னா பாரு..." அடிக்கு ஒரு வசவு. மறுமுனைக்குப் போனதும் துரை மரியாதையாகத் தலையைத் தூக்கிச் சும்மாட்டை நீட்டியது. பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்ட பிறகுதான், தான் நிற்பது அவருக்கு உறைத்தது.

"என்னடி பாக்குற?" என்று மனைவி பக்கம் திரும்பினார்.

"நாய்க்கு இருக்கிற கொழுப்பைப் பாக்கறேன்," என்றாள்.

நாய்க்காரர் துரையை வழக்கம்போல் வராந்தாவிலிருந்த பெஞ்சில் கட்டிப்போட்டுவிட்டு, அந்த அம்மா முந்திக்கொள்வதற்குள் பெரிய நர்ஸின் காலில் விழ ஓடினார்.

"புகாரா? யாரும் வரலையே," என்றார் அவர்.

குழம்பிப்போய்த் திரும்பி வந்தவர், வராந்தா முனையிலேயே நின்றுவிட்டார்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் அந்த அம்மா குந்தியிருந்தாள். கயிறு அவிழ்ந்து கிடந்தது. துரை பன் தின்றுகொண்டிருந்தது.

"நாளைக்கு வாசப்படி வரைக்கும் போயிடணும்டா, என் ராசா," என்றபடி பைக்குள்ளிருந்து இன்னொரு சும்மாட்டை எடுத்து மடியில் வைத்தாள். பழசு. முழுக்கப் பல் தடம்.

பிறகு, "ச்சு" என்றாள்.