உட்கார்ந்தே எரித்த கலோரி

மருமகளைக் குறை சொல்கிற வழக்கம் பாலகோபாலுக்குக் கிடையாது. கேள்விதான் கேட்பார்.

“ஏனுங்க அம்மணி, அந்த ரூம்ல ஃபேன் யாருக்காக ஓடுதுங்க?”

மானசா கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய் அணைப்பாள்.

கணபதி பகுதியில் மோட்டார் பம்ப் கம்பெனி வைத்திருந்தார் அவர். ஒவ்வொரு பம்பையும் ஓடவிட்டு, மீட்டரைப் பார்த்து, திருப்தியானால்தான் வெளியே அனுப்புவார். கம்பெனியில் கூட்டுகிறவரைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். அவர் குரல் உயர்ந்து கேட்டவர்கள் யாரும் இல்லை.

மருமகள் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒன்று பிடிபடவில்லை. சமைக்க ஆள் இருக்கிறது. துவைக்க மெஷின் இருக்கிறது. ஆனாலும் கல்யாணமாகி வந்த ஒரு வருஷத்தில் பெண் பாதியாக இளைத்துவிட்டாள். கேட்டால் அசதி என்கிறாளாம்.

“உக்காந்த எடத்துல என்ன அசதி வரும்?” என்றார் மனைவி அம்புஜத்திடம். “வேலை இல்லாததுதான் வியாதியே.”

“அவங்கம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷனாமுங்க. அவிநாசிக்குப் போய்க் கொஞ்ச நாள் கூட இருந்துட்டு வரட்டுமான்னு எங்கிட்டக் கேட்டா.”

“எங்கிட்டக் கேக்கலியே? கேட்டா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?”

அவள் அவரிடம் கேட்கவில்லை. அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அந்தத் தொண்ணூற்றெட்டாம் வருஷக் கடைசியில், சிங்கப்பூர் கண்காட்சிக்குப் போய்வந்த மகன் ஆதர்ஷ் அப்பாவுக்கு ஒரு வாட்ச் வாங்கி வந்தான். கூடவே மார்பில் கட்டிக்கொள்ள ஒரு பெல்ட். நெஞ்சுத் துடிப்பை எண்ணி, நடந்ததில் எத்தனை கலோரி எரிந்தது என்று வாட்ச் காட்டுமாம்.

பாலகோபால் அதைக் கட்டிக்கொண்டு ரேஸ்கோர்ஸை ஒரு சுற்று நடந்து வந்தார். இருநூற்றுப் பத்து என்று காட்டியது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மீட்டர் சொல்வதை அப்படியே நம்புகிற ஆள் இல்லையே அவர். உடன் வந்த புத்தகத்தைப் புரட்டினார். துடிப்பு நூறைத் தாண்டினால்தான் கணக்கு ஏறுமாம். சும்மா இருந்தால் சைபர்.

“அப்போ லோடு இல்லாம ஒரு தடவை ஓட்டிப் பாத்தாத் தெரிஞ்சுபோகும்” என்றார்.

வேலை என்கிற லோடே இல்லாத ஆள் அந்த வீட்டில் யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்புஜம் மருமகளை உள்ளே அழைத்துப்போய் பெல்ட்டைக் கட்டிவிட்டாள். அவர் வாட்ச்சில் பெண் என்று மாற்றி, மானசாவின் வயதையும் எடையையும் பிசகாமல் ஏற்றினார். ஹாலில் சோபாவில் அவளை உட்காரச் சொல்லி, எதிரே பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க. ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தாப் போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

மானசா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாட்ச் கட்டிய கையை, அவருக்குத் தெரிகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள்.

பாதி நேரம் போயிருக்கும்.

“மாமா... ஒண்ணு கேக்கணுமுங்க.”

“இப்பப் பேசக் கூடாதுங்க கண்ணு. கணக்குத் தப்பிப்போகும்.”

அவள் வாட்ச் கட்டிய கையை இன்னும் நேராக வைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அதேதான்.

“பாத்தியா அம்புஜம்? நான் ரேஸ்கோர்ஸைச் சுத்துனதும், இந்தப் புள்ள சோபாவுல உக்காந்ததும் கிட்டத்தட்ட ஒண்ணாம். நல்லா ஏமாத்திப்போட்டான் சிங்கப்பூர்க்காரன்.”

மறுநாள் வாட்ச்சை டப்பாவோடு எடுத்துக்கொண்டு, அவருக்கு இருதயம் பார்க்கிற டாக்டர் சசிதரிடம் போனார். டாக்டர் பெல்ட்டைத் தன் மார்பில் கட்டி, மணிக்கட்டில் நாடி பிடித்து, எண்ணிக்கையை வாட்ச்சோடு ஒத்துப் பார்த்தார்.

“வாட்ச் நல்லாத்தான் இருக்குதுங்ண்ணா.”

“அப்புறம் எப்படிங்க சும்மா உக்காந்த புள்ளைக்கு இத்தனை கலோரி காட்டுது?”

“இதுக்குக் கலோரி எல்லாம் தெரியாதுங்ண்ணா. நெஞ்சு எத்தனை தரம் அடிக்குதுன்னு மட்டுந்தான் தெரியும். அடிக்கிற வேகத்தைப் பாத்து, ஆளு நடக்கறாங்க, ஓடறாங்கன்னு நெனச்சு ஒரு கணக்குப் போடுது. நீங்க நடக்கறப்போ ஓரளவு சரியா வரும். நடக்காமயே நெஞ்சு வேகமா அடிச்சா, தப்பாத்தான் காட்டும்.”

“நடக்காம எதுக்குங்க அடிக்குது?”

“நெறையக் காரணம் இருக்குதுங்க. அன்னைக்குக் காச்சல் கீச்சல் இருந்துச்சுங்களா?”

“இல்லீங்க.”

“காபி ஜாஸ்தி குடிப்பாங்களா?”

“அது காபியே தொடாதுங்க.”

“வெக்கை?”

“மார்கழி மாசம் என்னங்க வெக்கை?”

டாக்டர் பெல்ட்டைக் கழற்றினார்.

“எதையாச்சும் பாத்துப் பயந்திருந்தாங்களா?”

பாலகோபாலுக்குச் சிரிப்பு வந்தது.

“நம்மூட்டு ஹால்ல என்னங்க பயம்? வெளியாளு ஒருத்தருமே இல்லீங்க. ஒரு மணி நேரமும் நான் மட்டுந்தான் எதுத்தாப்புல உக்காந்து பாத்துட்டே இருந்தேன்.”

டாக்டர் பெல்ட்டைச் சுருட்டி டப்பாவில் வைத்து நீட்டினார்.

டப்பாவை வாங்கும்போதுதான், தான் சொன்னது பாலகோபாலின் காதிலேயே விழுந்தது.