ஞானத்தாய்க்கு லீவில்லை

நத்தார்ப் பூசை முடிந்தும் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருக்கின்றன. ஞானஸ்நானத் தொட்டியருகே பேரக்குழந்தையை ஏந்தியபடி சிமியோன் கோவில் வாசலையே பார்க்கிறார். ஞானத்தாயாக நிற்கவேண்டிய இளைய மகள் லவீனாவை இன்றைக்கும் நண்டுக் கொம்பனிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பாலன் பிறந்த பெருநாளென்று குருநகரில் ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. ஊர்ப் பெண்பிள்ளைகள் நண்டுச் சதை எடுக்கிற கொட்டில் மட்டும் திறந்திருக்கிறது. சுவாமியார் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முன்வரிசை வாங்கில் கொம்பனி முதலாளி கிறகோரி புது வேட்டியோடு செபமாலை உருட்டுகிறார். சிமியோனுக்குப் பொறுக்கவில்லை, நேரே அவர் முன்னால் போய் நிற்கிறார். "முதலாளி, பாலன் யேசு உமக்கு மட்டுமோ பிறந்தவர்? என்ரை பிள்ளைக்கு இல்லையோ?" "அண்ணை, நேற்று வந்த நண்டு. விட்டால் நாறிப்போகும்." "நாறுமெண்டால் நீர் போய் உடையுமன். இஞ்சை சும்மாதானே குந்தியிருக்கிறீர்!" பின்வரிசை வாங்கில் இருக்கிற பெண்கள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்துகிறார்கள். முதலாளி பதில் சொல்லுமுன் குழந்தை அவர் மடியில் கிடக்கிறது. "அவள் வருமட்டும் நீரே வைச்சிரும்" என்று சிமியோன் பக்கத்தில் அமர்ந்து கைகளைக் கட்டிக்கொள்கிறார். குழந்தை வீரிட்டு அழுகிறது; புது வேட்டியில் ஈரம் பரவுகிறது. முதலாளி ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, மறுகையால் செல்போனை எடுத்து, "லவீனாவை அனுப்பு" என்கிறார். "மற்றப் பிள்ளையளையும்" என்கிறார் சிமியோன், குழந்தையை வாங்கக் கை நீட்டாமலே.