மூடிக்குள் குடியிருந்த நண்டு

சங்குக்குள் குடியிருக்கும் சாதி நண்டு அது. மீன்வலையோடு வந்து தீவுக் கரையில் விழுந்த அந்தப் பட்டணத்து நண்டுக்கு பாட்டில் மூடிதான் வீடு.

"எங்க ஊர்ல சாப்பாடு மலிவு, பஜ்ஜி காலடியில கிடக்கும். வீடுதான் யானை விலை. சங்கையெல்லாம் மனுஷங்க பொறுக்கிடறாங்க. இந்த மூடிக்கே சண்டையில ஒரு காலை விட்டேன். இங்க எப்படிண்ணே?" என்று அங்கிருந்த ஒரு தீவு நண்டைக் கேட்டது.

"சாப்பாடு கஷ்டம்தான் தம்பி. வீட்டுக்குக் கொஞ்சம் காத்திருக்கணும், அவ்வளவுதான்."

அப்போது அலை ஒரு பெரிய சங்கைக் கரையில் ஒதுக்கியது. பட்டணத்து நண்டு பாய்ந்து உள்ளே புகுந்தது. சங்கு தொளதொளவென்று இருந்ததால் நகர முடியவில்லை. எட்டிப் பார்த்தால், வெளியே பெரியதிலிருந்து சிறியதுவரை நண்டுகள் வரிசையாக நின்றன. யாரும் திட்டவில்லை. வெட்கத்தோடு வெளியே வந்தது.

வரிசையில் முதலில் நின்ற பெரிய நண்டு சங்குக்குள் போனது. அது விட்ட வீட்டுக்கு அடுத்தது போனது. தீவு நண்டும் தன் முறைக்கு வீடு மாறிக்கொண்டு, "என் பழைய வீட்டுக்கு நீ போ" என்றது.

"அடேங்கப்பா, இவ்வளவு மலிவா!" என்று நுழைந்தது பட்டணத்து நண்டு.

பின்னால் ஒரு குட்டி நண்டு இறுக்கமான சங்கோடு நின்றிருந்தது.

"இது உன் முறையா?" என்று பட்டணத்து நண்டு கேட்டது.

"ஆமாண்ணே. பரவாயில்ல, அலை நாளைக்கும் வரும்."